தாண்டாப் பணத்தைக் கல்லூரிக் கட்டணத்துக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் வசிக்கிறோம். பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்து பச்சை அட்டை பெற்றவர்கள்; நான் இங்கே பிறந்தவள். கோடையில் இங்கும், குளிர்காலத்தில் அரிசோனாவின் யூமாவிலும் குடும்பத்தோடு லெட்டூஸ் அறுவடைக்குச் செல்வோம். இரண்டு வாரங்களுக்கு முன் வயலில் அப்பாவின் முதுகில் காயம் ஏற்பட்டது. மான்டரே பே மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும், ஓராண்டு வேலை பார்த்துவிட்டுச் சேரச் சொல்கிறார் அப்பா. உடன் வேலை செய்பவர்களோடு போடும் 'தாண்டா' என்ற சீட்டில் ஆகஸ்டில் 4,000 டாலர் வரும். அதைக் கட்டணமாகக் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம், சேர்க்கையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். 2025-26இல் அப்பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கட்டணம் 6,450 டாலர் (வளாகக் கட்டணம் தனி). அதே ஆண்டில், கூட்டரசு தரும், திருப்பித் தர வேண்டாத பெல் உதவித்தொகையின் உச்சவரம்பு 7,395 டாலர். மாநிலத்தின் 'கால் கிராண்ட்' (Cal Grant) என்ற உதவியும் கிடைத்தால் படிப்புக் கட்டணம் உங்களுக்குப் பெரும் சுமையாக இராது. தங்குமிடமும் உணவும்தான் செலவு.

உதவித்தொகைக்கான ஃபாஃப்சா படிவம் ஏறக்குறைய இரண்டாண்டுக்கு முந்தைய வருமானத்தையே பார்க்கும் என்பதால், அப்பா வேலைக்குப் போக முடியாதது அதில் தெரியாது. மருத்துவர் கடிதத்தையும் அண்மைச் சம்பளச் சீட்டுகளையும் இணைத்து, மறு கணக்கீடு கோரி நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதுங்கள். அதைவிட அவசரமானது, காயத்தை முதலாளிக்கு 30 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்து இழப்பீட்டுப் படிவம் வாங்குவது. வேலையில் நேர்ந்த காயத்துக்கு மகளின் படிப்பை ஈடாக வைப்பது நியாயமான கணக்கே அல்ல.

புலம்பெயர் பண்ணைத் தொழிலாளர் குடும்ப மாணவர்களுக்காக 1972இல் தொடங்கிய கேம்ப் திட்டம் முதலாண்டு மாணவர்களுக்குக் கைகொடுக்கிறது. கடந்த 24 மாதங்களில் நீங்களோ பெற்றோரோ குறைந்தது 75 நாட்கள் பண்ணை வேலை செய்ததைக் காட்டினால் தகுதி உண்டு. சலினாஸில் ஒரு ஒப்பந்தக்காரர், யூமாவில் வேறொருவர் என்று சம்பளச் சீட்டுகள் சிதறிக் கிடக்கும். வேலை செய்த தேதிகள் தெரியும்படி எல்லாவற்றையும் திரட்டி வையுங்கள். கூட்டரசு மானியத்தில் நடக்கும் திட்டம் என்பதால், இவ்வாண்டு அது வளாகத்தில் நடைபெறுகிறதா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகும் பற்றாக்குறை இருந்தால், படிக்கும் காலத்தில் அரசே வட்டி கட்டும் மாணவர் கடனை மட்டும் பரிசீலிக்கலாம். முதலாண்டில் அதன் வரம்பு 3,500 டாலர்.

தாண்டாவைப் பொறுத்தவரை, தொகையை எடுத்த பிறகும் தவணை நிற்பதில்லை. அப்பாவின் கூலி வராத மாதங்களில் தவணை தவறினால், உடன் வேலை செய்பவர்களின் பணம் முடங்கும். ஆகவே 4,000 டாலரிலிருந்து மீதித் தவணைகளை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை யூமாவின் முதல் மாத வாடகைக்கு அம்மாவிடம் கொடுங்கள்.