சுவரில் புல், நிழலில் புல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மதில் சுவர் முழுக்கப் புல்தரை மாதிரியே வேண்டும். முடியுமா?

பதில்: புல் வளரும், ஆனால் புல்தரை மாதிரி இருக்காது. புல் வளர்த்த தட்டை (ட்ரேயை) சுவரில் செங்குத்தாக நிறுத்திய சில நாட்களிலேயே நுனிகள் மேல்நோக்கித் திரும்பிவிடும். சாய்ந்த தண்டின் கணுவை உற்றுப் பாருங்கள்: அடிப்பக்கம் மட்டும் நீண்டு, முழங்கை மாதிரி மடங்கி நுனியைத் தூக்கியிருக்கும். எவ்வளவு கத்தரித்தாலும் அது தன் குணத்தை விடாது. அப்புறம், அந்தக் கத்தரிப்பையும் ஏணியில் ஏறித்தான் செய்யவேண்டும்.

அதைவிடப் பெரிய தலைவலி தண்ணீர். மேல்வரிசை காய்ந்து கிடக்கும்போது கீழ்வரிசை அழுகிக்கொண்டிருக்கும். சொட்டுக் குழாயை ஒரே உயரத்தில் போடாமல் இரண்டு மூன்று உயரங்களில் பிரித்துப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை விடுங்கள். சுவருக்கும் தட்டுக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளியும், நீர் புகாத தடுப்பும் இருக்கட்டும்.

பச்சைச் சுவர்களுக்குப் பேர்போன பிரெஞ்சுத் தாவரவியலாளர் பாட்ரிக் பிளாங்க் மண்ணே வைப்பதில்லை. 10 மி.மீ. பிவிசி பலகை, அதன்மேல் இரண்டு அடுக்குக் கம்பளித்துணி போன்ற விரிப்பு. உரம் தண்ணீரிலேயே வந்துவிடும். அவரும் பல இனச் செடிகளைக் கலந்துதான் வைக்கிறார். நீங்களும் மோண்டோ கிராஸ் போலக் குத்துக்குத்தாகத் தொங்கும் இனங்களை வையுங்கள். அது உண்மையில் புல் இனமே இல்லை, ஆனால் பார்வைக்குப் புல்தான்.

கேள்வி: மரத்தடியில் மட்டும் புல் வழுக்கை விழுகிறது. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தைக் குறையுங்கள்! நிழலில் தழைச்சத்து கூடினால் புல் மெலிந்து நீண்டு, பூஞ்சை நோய்க்கு இடம் கொடுக்கும். முதலில் அங்கே எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று பாருங்கள். அருகம்புல் வகைகளுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். 4 மணி நேரம்தான் என்றால் செயின்ட் அகஸ்டின் என்ற வேறொரு புல்லை வைத்துப் பார்க்கலாம். தாழ்ந்த கிளைகளைக் கழியுங்கள். புல்லை 7, 8 செ.மீ. உயரம் விட்டே வெட்டுங்கள். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க இலைப்பரப்பு வேண்டுமே. வேர் மேலே தெரிகிறது என்று மண்ணைக் கொட்டி மூடாதீர்கள், மரத்துக்கு மூச்சு முட்டும். அடிமரத்தைச் சுற்றிக் காய்ந்த இலைச் சருகு போதும்.

கேள்வி: இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெயிலே படாத சந்து. மூன்று முறை புல் பத்தை (மண்ணோடு பெயர்த்த புல் துண்டு) மாற்றியாச்சு.

பதில்: நான்காவது முறை வேண்டாம். சரளைக்கல் போடுங்கள். தானாகப் பாசி படர்ந்தால், ஆள் நடக்காத இடத்தில் அதை அப்படியே விடுங்கள். எனக்கு அது புல்லைவிட அழகு.

கேள்வி: சரிவில் பதித்த புல் பத்தைகள் மழைக்கு நழுவுகின்றன.

பதில்: அடிமண் இறுகிக் கிடந்தால் வேர் இறங்காது. மண்ணைக் கிளறிவிட்டு, கீழிருந்து மேலாக, சரிவுக்குக் குறுக்கே, செங்கல் அடுக்குவது போல இணைப்புகள் நேர்கோட்டில் வராமல் பதியுங்கள். ஒவ்வொரு பத்தைக்கும் மூங்கில் ஆப்பு அடியுங்கள். மூன்றடி தூரத்தில் ஓரடிக்கு மேல் ஏறும் செங்குத்தான சரிவு என்றால் புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவதே ஆபத்து. அங்கே வெட்டிவேரைக் குறுக்கு வரிசைகளாக நடுங்கள். வேர் 3 மீட்டர் வரைகூட இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், அடிக்கடி வெட்டும் வேலையும் இல்லை.