சக்கரத்தை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. தனியார் நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் 20 வருடங்களாக வேலை பார்க்கிறேன். நான்கு வருடங்களாக வார இறுதிகளில் மட்பாண்டம் செய்யக் கற்கிறேன். பால்கனியில் சொந்தச் சக்கரம் இருக்கிறது. சுடுவதற்குப் பயிற்சி தந்த ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோகிறேன். நான் செய்யும் காபிக் கோப்பைகளை அலுவலகத் தோழிகள் 350 ரூபாய் கொடுத்து விரும்பி வாங்குகிறார்கள். மண்ணுக்கும் சூளைக் கட்டணத்துக்கும் சேர்த்து 110 ரூபாய்தான் ஆகிறது. பி.எஃப். பணத்தில் மின்சூளை வாங்கி, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்க ஆசை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டுக் கடன் இன்னும் 5 வருடம் பாக்கி. துணியலாமா?
- வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாக இறங்குங்கள். ஆனால் ராஜினாமா கடிதம் இப்போது வேண்டாம்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 350-ல் 110 போக 240 ரூபாய் லாபம் என்று நினைக்கிறீர்கள். தோழிகளிடம் விற்கும்வரை அது சரி. கடையில் வைத்தால் 35 சதவீதம் கமிஷன் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கோப்பை செய்தால், கைப்பிடி ஒட்டிய இடத்தில் மயிரிழை விரிசல் விட்டு ஒன்று போகும். கிளேஸ், அதாவது மேலே பூசும் பளபளப்புப் பூச்சு, வழிந்து சூளைத் தட்டில் ஒட்டிக்கொண்டு இன்னொன்று போகும். மீதி எட்டு 2,800 ரூபாய்க்கு விற்றால் கமிஷன் போக உங்கள் கைக்கு வருவது 1,820. பத்துக்கும் ஆன செலவு 1,100, பேக்கிங்குக்குக் கோப்பைக்கு 30 வீதம் 240. நிற்பது 480 ரூபாய். மண் பிசைவதில் தொடங்கி, அடி சீவி, கைப்பிடி வைத்து, இரண்டு முறை சுட்டு, துடைத்து, பெட்டியில் போடும்வரை ஒரு கோப்பைக்கு முக்கால் மணி நேரம் என்றாலும் மொத்தம் ஏழரை மணி நேரம். ஒரு முழு நாளுக்கு 480 ரூபாய்!

உங்கள் கோப்பைக்கு மதிப்பில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. விலை குறைவு, கை இன்னும் வேகம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டையும் சம்பளம் வரும்போதே சரிசெய்துகொள்ள முடியும்.

அதற்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரே அளவில், ஒரே வடிவத்தில் நாற்பது கோப்பைகள் செய்யுங்கள். ஒவ்வோர் உருண்டையையும் தராசில் வைத்து 400 கிராம் எடுங்கள். அதிக சூட்டில் சுடும் ஸ்டோன்வேர் மண் காய்ந்து சுட்டு முடிவதற்குள் எட்டில் ஒரு பங்குவரை சுருங்கும். ஈரத்தில் தெரியாத வித்தியாசம் சூளையிலிருந்து வெளியே வரும்போது பளிச்சென்று தெரியும். பொழுதுபோக்கில் ஒவ்வொன்றும் ஒரு விதமாக வந்தால் அழகு. ஒரு காபிக் கடைக்காரர் இரண்டு டஜன் ஆர்டர் கொடுத்தால் அத்தனையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். நாற்பதும் முடிந்தபின் சக்கரத்தில் மறுபடி உட்காரப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், மானியம், கடன் எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விக்கான பதில்தான் முக்கியம். பிறகு அந்த நாற்பதையும் உங்களை அறியாதவர்களிடம் ஏதாவது கைவினைச் சந்தையில் விற்றுப் பாருங்கள். 500 ரூபாய் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்ற பலர் இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார்கள். கலைக்கூடமாகப் பெயரெடுத்த அந்த இடமும் தட்டு, கிண்ணம், கோப்பை செய்து விற்றுத்தான் வளர்ந்தது. தினசரி புழங்கும் பாத்திரம்தான் சோறு போடும். இன்னொன்று, வகுப்பு எடுப்பது. சனிக்கிழமை காலை ஆறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் வரும் பணம் பல நேரம் கோப்பை விற்று வருவதைவிட அதிகம். உங்களுக்குப் பொறுமை இருந்தால் இதை இப்போதே தொடங்கலாம்.

அகல் விளக்கு, தண்ணீர்ப் பானை பக்கம் போகாதீர்கள். அது தலைமுறை தலைமுறையாக மண்ணை நம்பியிருக்கும் குடும்பங்களின் பிழைப்பு. அவர்கள் விலைக்கு உங்களால் கொடுக்கவும் முடியாது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரைக்கு ஒரு முறை போய், கடம் செய்பவர்கள் கை மண்ணைத் தட்டுவதை உட்கார்ந்து பாருங்கள்.

பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். சூளை வாங்கினால் மும்முனை இணைப்பு வேண்டியிருக்கும். அடுக்குமாடி வீடென்றால் சங்கத்தின் சம்மதமும் வேண்டும். இப்போதைக்கு ஸ்டுடியோ சூளையே போதும். மாதாமாதம் இரண்டு சூளை நிறையச் சரக்கு சேரும்போது சொந்தச் சூளையைப் பற்றி யோசிக்கலாம். அப்போது மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் பற்றி விசாரியுங்கள். அந்தத் திட்டத்தில் பெண்களுக்கு நகர்ப்புறத்தில் 25 சதவீத மானியம் உண்டு. மகளின் கல்லூரிச் சேர்க்கை முடிந்து, வீட்டுக் கடன் தவணையைத் தொடர்ந்து ஓராண்டு மண் வருமானமே கட்டிவிட்டால், அன்று ராஜினாமா கடிதம் எழுதுங்கள்.

சாப்பிடுகிற பாத்திரத்தில் ஈயம் கலந்த கிளேஸ் கூடவே கூடாது. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதித் தராதவரிடம் கிளேஸ் வாங்காதீர்கள். கிளேஸ் கெட்டியாக நிற்கிறதா என்று பார்க்க, எலுமிச்சைத் துண்டொன்றைக் கோப்பைக்குள் ஓர் இரவு விட்டுவையுங்கள்; அந்த இடம் நிறம் மாறினால் அது விற்பனைக்கு ஆகாது. பால்கனியில் காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்குகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்திவிடுங்கள். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். மகள் படிக்கும் அறை பக்கத்தில் இருந்தால் அந்தக் கதவையும் சாத்திவையுங்கள்.