கீரை கிடைக்காத பள்ளத்தாக்கு

அன்புள்ள ஐயா,
நாகாலாந்து–மணிப்பூர் எல்லையில் இருக்கும் ஜூக்கோ பள்ளத்தாக்கின் பெயருக்கு ‘குளிர்ந்த நீர்’ என்று பொருள் என ஓரிடத்தில் படித்தேன். ‘உயிரற்ற இடம்’ என்கிறார்கள் இன்னொரு இடத்தில். எது சரி? ‘ஜூ’ நம் ‘சுனை’யிலிருந்து வந்திருக்குமோ?
கு.

அன்புள்ள கு.,
சுனையை முதலில் தூக்கிப் போடுங்கள். காதுக்கு ஒத்து வந்தால் உடனே ஊரையே நம் பெயரில் பட்டா போட்டுக்கொள்வது கெட்ட பழக்கம். அங்கே வாழும் அங்காமி நாகர்களின் மொழியில் ‘ஜூ’ என்றால் தண்ணீர். அவர்கள் சொல், அவர்கள் தண்ணீர். அந்த ஓடையில் கையை விட்டுப் பார்த்தேன், பத்து எண்ணுவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. குளிர்ந்த நீர்தான், சரி.

ஆனால் உங்கள் கடிதத்தை நான் எடுத்துக்கொண்டது அந்த இரண்டாவது பொருளுக்காக. அது அங்காமிகளிலேயே விஸ்வெமா ஊரார் சொல்லும் கதை. ஊர் அமைக்க இடம் தேடி வந்த முன்னோர் இந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்து மயங்கிவிட்டார்கள். இங்கேயே இருந்துவிடலாம் என்று புதுமணப் பெண்களைக் கீரை பறித்துவர அனுப்பினார்கள். பெண்கள் அலைந்து அலைந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். இடம் அழகுதான், ஆனால் உயிரே இல்லை என்றார்கள். அந்தப் பேச்சே பெயராக நின்றுவிட்டது.

‘உயிரற்ற’ என்றதும் பேய், பிசாசு என்று கற்பனை செய்திருப்பீர்கள். அதெல்லாம் இல்லை ஐயா, அடுப்பு! அதில் ஏற்ற ஒன்றும் கிடைக்காது என்பதுதான் பேச்சு. ஜப்ஃபூ மலைக்குப் பின்னால், சுமார் 2,450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஜூக்கோ. மேட்டில் நின்று பார்த்தால் மழித்துவிட்ட புல்வெளி போல இருக்கும். இறங்கினால் அது புல் இல்லை, குட்டை மூங்கில். இடுப்புவரை உரசி, கால்சட்டையை நனைத்து, கையைக் கீறிவிடும். நான் லில்லிப் பூவைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். இதில் எதைப் பறித்துக் குழம்பு வைப்பது என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்கும் தோன்றியிருக்காது. பரீட்சைக்குப் படிக்கும் பையன் மாதிரி ‘எது சரி’ என்று மட்டும் கேட்கத் தெரிகிறது.

எனக்கு ஏழு வயதிருக்கும். அப்பா ஏரிக்கரையில் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டு எங்களை அழைத்துப் போனார். திண்ணையில் நின்று தண்ணீரையும் கொக்கையும் காட்டிக்கொண்டே இருந்தார். அம்மா எதுவும் பேசாமல் கொல்லைப்புறத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

“ஒரு முருங்கைகூட இல்லையே” என்றாள்.

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிபோகவில்லை.