ஹெபடைடிஸ் சி சிகிச்சை முடித்துவிட்டேன், வைரஸ் இல்லை என்றும் வந்துவிட்டது. மறுபடி வருமா? எத்தனை நாள் இப்படிப் பயந்துகொண்டே இருப்பது?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: சோஃபோஸ்புவிர், டாக்லடாஸ்விர் இரண்டும் 12 வாரம் போட்டு முடித்தீர்கள். கடைசி வாரம் எடுத்த வைரல் லோடு பரிசோதனையில் வைரஸ் தென்படவில்லை. இப்போது மூன்று வாரமாக உடம்பு அசதி, வலது விலாவுக்குக் கீழே ஏதோ இழுக்கிற மாதிரி இருக்கிறது. வைரஸ் திரும்பிவிட்டதோ என்று தூக்கம் வரவில்லை.

உங்கள் பயத்துக்கு ஒரு கெடு உண்டு. கடைசி மாத்திரை போட்ட நாளிலிருந்து 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்.என்.ஏ. (வைரல் லோடு) பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வந்தால், அந்தத் தொற்று குணமாகிவிட்டது. 'கட்டுக்குள் இருக்கிறது' என்று இழுக்கிற கதை இல்லை, குணம்தான். சிகிச்சை முடிந்த அன்றைய ரிப்போர்ட்டை வைத்து மட்டும் இதைச் சொல்ல முடியாது. மாத்திரை உடம்பில் இருக்கும்வரை வைரஸால் பெருக முடியாது. ரத்தத்தில் காணாமல் போய், கல்லீரலில் சில உயிரணுக்களில் மட்டும் மிச்சம் இருக்கலாம். மாத்திரையை நிறுத்திய பிறகுதான் உண்மை தெரியும்.

12 வாரம் என்பது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஹெபடைடிஸ் சி பதுங்கி இருக்கத் தெரியாத வைரஸ். ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் அணுவின் கருவுக்குள் தன் மரபுப்பொருளை வட்டமாகச் சுருட்டி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். எச்.ஐ.வி. நம் டி.என்.ஏ.வோடே ஒட்டிக்கொள்ளும். சி வைரஸ் இரண்டையும் செய்யாது. அது அணுவின் கருவுக்கு வெளியே, ஆர்.என்.ஏ.வாக மட்டுமே வாழும். பெருகிக்கொண்டே இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. சிகிச்சை எடுக்காத ஒருவர் உடம்பில் நாளொன்றுக்கு ஏறக்குறைய லட்சம் கோடி வைரஸ் உற்பத்தியாகும், ரத்தத்தில் ஒவ்வொன்றின் அரை ஆயுளும் மூன்று மணி நேரம் போலத்தான். இந்த வேகத்தில் பெருகும் ஒன்று மிச்சம் இருந்தால் அது மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்காது. திரும்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரை நிறுத்திய முதல் நான்கு வாரத்திலேயே வைரஸ் ரத்தத்தில் தெரிந்துவிடுகிறது. இன்டர்ஃபெரான் ஊசி காலத்தில் 24 வாரம் காத்திருப்பார்கள். 12 வாரத்தில் இல்லாதவர்களில் 99 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு 24 வாரத்திலும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கெடு 12 ஆனது.

தேதியை இன்றே குறித்து வையுங்கள். கடைசி மாத்திரை போட்ட நாளோடு 84 நாளைக் கூட்டுங்கள். மார்ச் 1 என்றால் மே 24. ஒரு வாரம் பிந்திப் போனால் பரவாயில்லை. முந்திப் போனால் அந்த ரிப்போர்ட்டை யாரும் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நீங்கள் இன்னொரு முறை ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். அவ்வளவு நாள் பொறுக்க முடியவில்லை என்றால் நான்காவது வாரம் முடிந்ததும் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். அதில் இல்லை என்று வந்தால் பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் அது 12 வார டெஸ்டுக்கு மாற்று ஆகாது. வாராவாரம் எடுப்பது காசுக்கும் கேடு, மனசுக்கும் கேடு. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கியிருந்தால் இந்தக் கடைசி டெஸ்டும் அங்கேயே இலவசம். மாத்திரை தீர்ந்ததும் இதற்கு வராமலே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள்.

லேபில் எந்த டெஸ்ட் என்பதில்தான் தேவையில்லாத பீதி அதிகம் கிளம்புகிறது. 'ஆன்டி எச்.சி.வி.' எடுத்தால் பாசிடிவ் என்றுதான் வரும். அது வைரஸை எதிர்த்து உடம்பு செய்துவைத்த ஆன்டிபாடி, குணமான பிறகும் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது 'எச்.சி.வி. ஆர்.என்.ஏ., வைரல் லோடு, பிசிஆர்' என்பதை. சீட்டில் வெறுமனே 'எச்.சி.வி. டெஸ்ட்' என்று எழுதியிருந்தால் லேபில் மலிவான ஆன்டிபாடி கிட்டைத்தான் போடுவார்கள், நீங்கள் அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கிப்போவீர்கள். எழுதிக் கொடுத்ததை லேபுக்குப் போகும் முன்பே படித்துப் பாருங்கள்.

ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டில் மூன்று விதமாக வரும். ஒன்று, வைரஸ் தென்படவில்லை. இரண்டு, இத்தனை ஐ.யூ./மி.லி. என்று எண். மூன்றாவதுதான் குழப்பும்: 'தென்பட்டது, ஆனால் 15-க்கும் கீழ்' என்ற மாதிரி. கருவி எண்ணிச் சொல்லக்கூடிய அளவுக்குக் கீழே ஏதோ தடயம் தெரிந்தது என்று அர்த்தம். சிகிச்சை முடியும் வாரத்தில் இப்படி வந்த பலர் பிறகு முழுக்கக் குணமாகியிருக்கிறார்கள், அதை வைத்துத் தோல்வி என்று சொல்லக் கூடாது. 12 வார டெஸ்டில் அப்படி வந்தால் சில வாரம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். நிஜமாகவே திரும்பியிருந்தால் அடுத்த முறை எண் ஆயிரத்திலோ லட்சத்திலோ நிற்கும், சந்தேகத்துக்கே இடம் இருக்காது.

இனி உங்கள் அசதி. ஹெபடைடிஸ் சி திரும்பினால் அதற்கென்று தனி அறிகுறி கிடையாது. முதல்முறை வந்தபோதும் பல வருடம் தெரியாமல்தானே இருந்தது? அசதி, இழுப்பு, வாய்க் கசப்பு இவற்றை வைத்து வைரஸ் இருக்கிறது, இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அசதிக்கு வேறு காரணம் இருக்கலாம், அதைத் தேட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் குறிப்பாகக் கவனியுங்கள்: வைரஸ் போனதும் இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பிக்கும், பழைய டோஸிலேயே மருந்து எடுத்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், அசதி வரும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர்களுக்கும் டோஸ் மாற வேண்டிவரலாம். ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. ஒரு துப்பு மட்டுமே. சிகிச்சையில் இறங்கி 25, 30 என்று நின்ற எண், நிறுத்திய ஒரு மாதத்தில் திடீரென்று 90, 120 என்று ஏறினால் ஆர்.என்.ஏ. டெஸ்டை முன்கூட்டியே எடுப்பது நியாயம். ஆனால் கொழுப்பு படிந்த கல்லீரல், மது, வலி மாத்திரை, நாட்டு மருந்து எதுவும் அதை ஏற்றும். வைரஸ் போய்விட்டது, கல்லீரலைத் தேற்றுவோம் என்று பச்சிலைப் பொடியும் கஷாயமும் ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சீந்தில் சேர்ந்த தயாரிப்புகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டதை இந்தியக் கல்லீரல் மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். இந்த 12 வாரத்துக்குள் அப்படி எஸ்.ஜி.பி.டி. ஏறினால், எதனால் என்று பிரித்தறிவதே பெரும்பாடாகிவிடும். லிவர் டானிக் எதுவும் வைரஸ் திரும்புவதைத் தடுக்காது.

இன்னொரு காரணம், அரிது, ஆனால் ஆபத்தானது: ஹெபடைடிஸ் பி. இரண்டு வைரஸும் ஒரே உடம்பில் இருந்தால் சி-யின் ஆட்டத்தில் பி அடங்கிக் கிடக்கும். சி போனதும் பி தலைதூக்கும். 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் இதற்காகவே கடுமையான எச்சரிக்கை போட்டது. சிகிச்சைக்கு முன், ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று காட்டும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. டெஸ்ட் எடுத்தார்களா என்று பழைய ஃபைலைப் பாருங்கள். பாசிடிவாக இருந்து, இப்போது கண் மஞ்சளாகி, சிறுநீர் கடுகெண்ணெய் நிறத்தில் போனால் 84-ஆம் நாளுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

யாருக்குத் திரும்புகிறது? பெரும்பாலானவர்களுக்குத் திரும்புவதில்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். இந்த வைரஸில் ஜீனோடைப் எனப்படும் பல மரபு வகைகள் உண்டு, இந்தியாவில் அதிகம் காணப்படுவது ஜீனோடைப் 3. அந்த வகையில் சோஃபோஸ்புவிர் – டாக்லடாஸ்விரை 12 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) இல்லாதவர்களில் 96 சதவீதம் பேர் குணமானார்கள், சிரோசிஸ் இருந்தவர்களில் 63 சதவீதம்தான். வித்தியாசம் முழுக்க கல்லீரலின் தழும்பில் இருக்கிறது. அதனால்தான் சிரோசிஸ் உள்ளவர்களுக்கு அரசுத் திட்டத்தில் சோஃபோஸ்புவிர் 400 மி.கி. – வெல்படாஸ்விர் 100 மி.கி. கொடுக்கிறார்கள். ஜீனோடைப் 3, சிரோசிஸ் இரண்டும் சேர்ந்தவர்களிலேயே அது 90 சதவீதத்தைத் தாண்டியது. வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு இதோடு ரிபாவிரின் சேர்ப்பார்கள், ரிபாவிரின் ஒத்துக்கொள்ளாவிட்டால் 24 வாரம்.

உங்களுக்குச் சிரோசிஸ் இருந்ததா என்று யாரும் சொல்லவில்லை என்றால் பழைய ரிப்போர்ட்டிலிருந்து நீங்களே ஒரு கணக்குப் போடலாம். ஆப்ரி என்று பெயர். எஸ்.ஜி.ஓ.டி.யை (இன்னொரு கல்லீரல் நொதி) லேப் இயல்பு என்று குறிப்பிடும் உச்ச அளவால் வகுங்கள், அதைப் பிளேட்லெட் எண்ணால் (ஆயிரத்தில்) வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். எஸ்.ஜி.ஓ.டி. 80, உச்ச அளவு 40, பிளேட்லெட் ஒரு லட்சம் என்றால் விடை 2. விடை 2 அல்லது அதற்கு மேல் வந்தால் சிரோசிஸ் என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு பார்ப்பார்கள். சிகிச்சைக்கு முந்தைய எண்களை வைத்துத்தான் இதைப் போட வேண்டும்.

அடுத்த காரணம் மாத்திரை சரியாக உள்ளே போகாதது. ஒன்றிரண்டு நாள் விட்டுப்போனதற்காக உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டாம், அதனால் மட்டும் தோற்பது அரிது. தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் விட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பலரும் கவனிக்காதது மற்ற மருந்துகளோடு வரும் மோதல். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாய்ன், கார்பமசெபின், ஃபீனோபார்பிடோன் எல்லாம் இந்த மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் அடியோடு குறைத்துவிடும். வெல்படாஸ்விருக்கு வயிற்றில் அமிலம் வேண்டும். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அல்சர் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அதன்மேல் இதைப் போட்டால் உறிஞ்சப்படுவது குறையும். நம் ஊரில் எந்தச் சீட்டிலும் ஒரு கேஸ் மாத்திரை இருக்கும், அது போட்டதையே நோயாளி மருந்தாகக் கணக்கில் சேர்க்க மாட்டார். சிகிச்சை நாட்களில் நீங்கள் போட்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் 12 வார டெஸ்டுக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.

ஒருவேளை திரும்பியிருந்தால்? அதே மாத்திரையை இன்னொரு கோர்ஸ் வாங்கிப் போட்டுவிடலாம் என்று மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். தப்பிப் பிழைத்த வைரஸ் டாக்லடாஸ்விர் வகைக்குப் பழகியதாக இருக்கும். மறுசிகிச்சைக்கு வேறு திட்டம்: சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர், வோக்சிலாப்ரெவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரை 12 வாரம், அது கிடைக்காத இடத்தில் சோஃபோஸ்புவிர் – வெல்படாஸ்விரோடு ரிபாவிரின் 24 வாரம். வோக்சிலாப்ரெவிர், நீர் கோத்த முற்றிய சிரோசிஸில் கூடாது. ரிபாவிரின் கருவைப் பாதிக்கும், எடுப்பவர் ஆண் என்றால் முடிந்து குறைந்தது ஆறு மாதமாவது, பெண் என்றால் ஒன்பது மாதமாவது கர்ப்பம் தவிர்க்க வேண்டும். இதையெல்லாம் முடிவு செய்வது கல்லீரல் சிறப்பு மருத்துவர் வேலை. முதல்முறை தோற்றவர்களிலும் பெரும்பாலோர் இரண்டாம் முறையில் குணமாகிறார்கள்.

12 வாரம் தாண்டி, இல்லை என்று வந்து, ஒரு வருடம் கழித்து மறுபடி பாசிடிவ் என்று வந்தால் அது பெரும்பாலும் பழைய வைரஸ் அல்ல, புதிய தொற்று. ஒருமுறை வந்து போனதால் எதிர்ப்புச் சக்தி கிடைக்காது, தடுப்பூசியும் இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், தலசீமியாவுக்காக அடிக்கடி ரத்தம் ஏற்றுகிறவர்கள், ஊசி மூலம் போதைப்பொருள் எடுக்கிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆர்.என்.ஏ. எடுக்க வேண்டும், டயாலிசிஸ் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆய்வுக்கூடத்தில் சிரிஞ்சுக்குள் இந்த வைரஸ் 63 நாள் வரை உயிரோடு இருந்திருக்கிறது, பழைய ஊசி எதையும் வைத்திருக்காதீர்கள். மற்றவர்களுக்கு இந்த வருடாந்திரப் பரிசோதனை தேவையே இல்லை. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ குழந்தையைக் கொஞ்சுவதாலோ எதுவும் வராது.

சிரோசிஸ் இருந்தவர்கள் கவலையை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். வைரஸ் போனாலும் கல்லீரல் புற்றுநோய் அபாயம் வெகுவாகக் குறையுமே தவிர, பூஜ்யம் ஆகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்டு, கூடவே ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை, இது வாழ்நாள் முழுக்க. குணமான பிறகு, கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் 16 கிலோபாஸ்கல் 9 ஆக இறங்கியிருக்கலாம். வீக்கம் வடிந்தாலே அந்த எண் இறங்கும். அதைப் பார்த்து அல்ட்ராசவுண்டை நிறுத்திவிடாதீர்கள், சிகிச்சைக்கு முன் இருந்த எண்ணை வைத்துத்தான் முடிவு. மதுவை ஒரு சொட்டும் தொடக் கூடாது.

12 வார ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டின் அசலைப் பத்திரப்படுத்தி, மூன்று நான்கு நகல் எடுத்து வையுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பும், வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையிலும் எடுப்பது ஆன்டிபாடி டெஸ்ட். பாசிடிவ் வரும்போது நீங்கள் குணமானவர் என்று காட்ட உங்களிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான். வளைகுடா நாடுகள் அதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று இல்லை, அதனால் ஏஜென்டுக்குப் பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ரத்த தானம் மட்டும் இனிக் கிடையாது.