கேள்வி–பதில்: புதுப்பித்தல் விண்ணப்பத்தை மறக்காதீர்கள்

*என் மகள் இங்கேயே பிளஸ் டூ முடித்து, அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். சாலைக் கம்போளத்தில் (சந்தையில்) எங்களுக்குச் சின்ன வெற்றிலைக்கடை. எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், ஐயா?*
– ஒரு வாசகி, சாலை, திருவனந்தபுரம்

அம்மா, கணிதம் எடுத்த உங்கள் மகளுக்கு முதலில் என் வாழ்த்து. முக்கியமாக இரண்டைப் பாருங்கள்.

ஒன்று, கேரள மாநில உயர்கல்வி மன்றம் தருவது. முதலாண்டு 12,000 ரூபாய், இரண்டாமாண்டு 18,000, மூன்றாமாண்டு 24,000. முதுகலைக்குப் போனால் 40,000, அதற்கடுத்த வருடம் 60,000. படிக்கப் படிக்கத் தொகை ஏறும். மேல்வகுப்பில்தான் செலவு கூடும் என்று தெரிந்தவர்கள் வகுத்த திட்டம் இது.

இன்னொன்று மத்திய அரசுடையது. பிளஸ் டூ தேர்வில் அவரவர் பாடப்பிரிவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. பட்டப்படிப்பில் வருடம் 12,000, முதுகலையில் 20,000. பாதி இடங்கள் பெண்பிள்ளைகளுக்கு. இதை வாங்கும்போது வேறு உதவித்தொகை வாங்கக்கூடாது என்பது விதி. அதனால் இரண்டுக்கும் விண்ணப்பித்துவிட்டு, கிடைத்த பிறகு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வருமானச் சான்றிதழுக்கு இப்போதே அக்ஷயா மையத்துக்கு, அதாவது கேரள அரசின் இணையச் சேவை மையத்துக்கு, போய்விடுங்கள். கடைசி வாரத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது. வங்கிக் கணக்கு மகளின் பெயரிலேயே இருக்கட்டும், ஆதாருடன் இணைந்திருக்கட்டும். அப்புறம் பெயர். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், வங்கியில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். கணினிக்கு இவர்கள் மூன்று பேர்! மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சாயங்காலம் போதும்.

*நான் குழித்துறைக்காரன். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பிளஸ் டூ முடித்தேன். திருவனந்தபுரத்தில் கல்லூரி இடம் கிடைத்திருக்கிறது. கேரளாவுக்குப் போனால் மத்திய அரசு உதவித்தொகை கைவிட்டுப் போய்விடுமா?*
– ஒரு மாணவர், கன்னியாகுமரி மாவட்டம்

போகாது, தம்பி. அந்த இடங்களைத் தேர்வு வாரியங்கள் வாரியாகத்தான் பிரிக்கிறார்கள். நீ தமிழ்நாட்டு வாரியத்தில் தேறியவன், அந்தக் கணக்கில்தான் வருவாய். எந்த மாநிலத்தில் படிக்கிறாய் என்பது அதைக் கெடுக்காது. ஆதிதிராவிட மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகையும் சொந்த மாநிலம் தருவதுதான், வெளிமாநிலத்தில் படித்தாலும்.

ஆனால் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது உன் கல்லூரி. இணையத்தில் அனுப்பியதோடு வேலை முடியவில்லை. கல்லூரியில் அதற்கென்று ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார். அவரை நேரில் பார், அவர் பக்கத்தில் சரிபார்ப்பு முடிந்ததா என்று கேள். கூச்சப்படாதே.

அடுத்து நான் எழுதப்போவது, உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. 1977-இல் நானும் உன்னைப்போலத்தான் போனேன். அப்போது அந்தப் பாதையில் ரயில் கிடையாது, திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ்ஸில் வந்து இறங்கினேன், கையில் ஒரு தகரப்பெட்டி. முதல் வருட உதவித்தொகை ஒழுங்காக வந்தது. வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாம் வருடத் தொடக்கத்தில் கல்லூரி அலுவலகத்துக்கு வெளியே, பச்சைத்துணி ஒட்டிய பலகையில் ஒரு தாள் தொங்கிக்கொண்டிருந்தது. நீல மையில் கையெழுத்து, முழுக்க மலையாளம். தினமும் இரண்டு தடவை அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போனேன். மூலையில் குண்டூசி துருப்பிடித்துத் தாளில் பழுப்பாக வட்டம் விழுந்திருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. எழுதியிருந்தது மட்டும் தெரியாது. ஒருநாள் வகுப்புத் தோழன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, “நீ கொடுத்துவிட்டாயா?” என்று கேட்டான். கடைசி நாள் தாண்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் கெஞ்சிப் பார்த்தேன், தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த வருடம் முழுக்கச் சாலைக் கம்போளத்தில் ஒரு தமிழ் வியாபாரியின் மளிகை மண்டியில் ராத்திரி எட்டரை மணிவரை கணக்கெழுதினேன். பரீட்சைக்குப் படித்த நோட்டுகளில் வற்றல்மிளகாய் வாசனை அடிக்கும். படிப்பை முடித்துவிட்டேன், ஆனால் என் கூட வந்த இன்னொரு பையன் இதே காரணத்தால் ஊருக்குத் திரும்பிவிட்டான். நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் அது எனக்கு ஆறவில்லை. அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்: புதுப்பித்தலுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஒவ்வொரு வருடமும். நீ கேட்ட மத்திய அரசுத் திட்டத்தில் அதற்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். பிள்ளைகள் வருகையில்தான் கோட்டை விடுகிறார்கள். ஓணத்துக்கு முன்னால் ஊருக்குப் போய், விடுமுறை முடிந்து நாலு நாள் கழித்து வருவது, கல்யாணம், கோயில் கொடை என்று அது கரைந்துவிடும்.

*மலையாளம் தெரியாத தமிழ்ப்பிள்ளை திருவனந்தபுரத்தில் அந்நியமாகிவிடாதா?*
– ஒரு தந்தை, நாகர்கோவில்

நீங்கள் நாகர்கோவிலில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! 1956 நவம்பர் 1 வரை உங்கள் ஊருக்கும் அதுதானே தலைநகரம். வரி கட்டவும் வழக்கு நடத்தவும் நம் தாத்தாக்கள் திருவனந்தபுரத்துக்குத்தான் போனார்கள்.

நம் பள்ளிகளில் தினமும் பாடும் ‘நீராருங் கடலுடுத்த’ வாழ்த்தை எழுதிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை அங்கே, இன்று யுனிவர்சிட்டி காலேஜ் என்று அழைக்கப்படும் கல்லூரியில், தத்துவம் கற்பித்தவர். பேரூர்க்கடையில் வாழ்ந்தார். அந்த வாழ்த்து இடம்பெற்ற அவருடைய நாடகம் ‘மனோன்மணீயம்’ 1891-இல் வெளிவந்தது. அந்த ஊர்க் கல்லூரிகள் 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் வரும்வரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடுதான் இணைந்திருந்தன. அந்தத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம்தான் இன்று கேரளப் பல்கலைக்கழகம். காரியவட்டத்தில் இருக்கும் அதன் தமிழ்த்துறை, மதுரை ஆலை அதிபர் கருமுத்து தியாகராசச் செட்டியார் கொடுத்த நிதியில் உருவானது. தமிழறிஞர் எஸ். வையாபுரிப் பிள்ளை அங்கே பேராசிரியராக இருந்திருக்கிறார்.

ஆக, ஊர் அந்நியமில்லை. எழுத்து மட்டும்தான் அந்நியம். பேச்சு ஒரு மாதத்தில் பழகிவிடும், படிக்கத்தான் உட்கார்ந்து கற்க வேண்டும். கல்லூரி திறப்பதற்கு முன்பே பையனுக்கு ஒரு மலையாள அரிச்சுவடி வாங்கிக் கொடுங்கள். நான் அந்தப் பலகைக்குப் பிறகுதான் தொடங்கினேன், மண்டியில் கூட வேலைபார்த்த பையன் பழைய ரசீதுகளின் பின்பக்கம் எழுதிக் காட்டுவான். யாரையும் கேட்காமல் நானாகப் படித்த முதல் சொல் ஒரு பஸ்ஸின் நெற்றியில் இருந்தது: கிழக்கேகோட்டை.