கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது, எதைக் குறைப்பது?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வழக்கமாக இரண்டு மாதத்துக்கு 470 யூனிட் வரும். இந்தக் கோடையில் 560 வந்து, பில் தொகை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. புதிதாக எதுவும் வாங்கவில்லை. மூன்று சீலிங் ஃபேன், 14 வருடப் பழைய ஃபிரிட்ஜ், அரை ஹெச்.பி. தண்ணீர் மோட்டார், அரசு கொடுத்த கிரைண்டர், டிவி, இன்வெர்ட்டர். ஏசி கிடையாது. கிரைண்டர்தான் கரண்டை இழுக்கிறது என்கிறார் மாமியார். நான் இரவில் ஃபிரிட்ஜை நிறுத்திப் பார்க்கிறேன். சரிதானா?

பதில்: முதலில் ஃபிரிட்ஜை இரவில் நிறுத்துவதை விட்டுவிடுங்கள். காலையில் சுவிட்சைப் போட்டதும், இரவெல்லாம் உள்ளே ஏறிய சூட்டை இறக்க அது விடாமல் ஓடும். மிச்சமாவது சொற்பம். சித்திரை வெயிலில் பாலும் மாவும் மீனும் கெட்டுப் போனால் நஷ்டம் அதைவிடப் பெரிது.

கிரைண்டர் மேலும் பழி போட வேண்டாம். 200 வாட் கிரைண்டரை அரை மணி நேரம் ஓட்டினால் 0.1 யூனிட். இரண்டு மாதத்தில் இருபது முறை மாவரைத்தாலும் மொத்தம் 2 யூனிட்தான். சத்தம் போடுவதால் அது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் கூடுதலாக வந்த 90 யூனிட் எங்கே போனது? வாட்டை மணி நேரத்தால் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். பழைய சீலிங் ஃபேன் ஒன்று முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். மூன்று ஃபேனும் மாசியில் ஓடியதைவிடக் கோடையில் தினம் ஐந்து மணி நேரம் அதிகமாக ஓடினால், 60 நாளில் 67 யூனிட் ஆகிவிடும்.

மீதிக்கு உங்கள் தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வேண்டும். டெல்டாவில் இது தனிக் கதை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடப்பட்டு ஜூன் 12-ல் திறக்கப்படுகிறது. இடையில் ஆறும் வாய்க்காலும் காய்ந்து கிடக்க, நிலத்தடி நீர் இறங்குகிறது. கோடைப் பயிருக்கும் குறுவை நாற்றங்காலுக்கும் வயல் மோட்டார்கள் ஓடுவதால் இன்னும் இறங்குகிறது. தையில் 20 நிமிடத்தில் நிரம்பிய தொட்டி வைகாசியில் ஒரு மணி நேரம் எடுத்தால் ஆச்சரியமில்லை. அரை ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 600 வாட் இழுக்கும் என்று வையுங்கள். தினம் 40 நிமிடம் கூடுதல் என்றால் 60 நாளில் 24 யூனிட். ஃபேன் கணக்கோடு சேர்த்தால் 91. உங்கள் 90 யூனிட்டுக்குக் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிட்டது.

நம் ஊர்க் கட்டண முறையில் 500 யூனிட் முக்கியமான கோடு. அதைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுகளுக்கு மட்டும் அதிக விலை என்று நிற்காது. கீழ்ப் படிகளில் கிடைத்த மானியமும் குறைந்து, பழைய யூனிட்டுகளுக்கே விலை கூடுகிறது. அதனால்தான் 90 யூனிட்டுக்கு இவ்வளவு பெரிய அடி. எல்லாவற்றிலும் கஞ்சத்தனம் பிடிக்க வேண்டியதில்லை. 60, 70 யூனிட் இறங்கினால் போதும், நீங்கள் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவீர்கள்.

அதற்கு நல்ல வழி ஃபேனை மாற்றுவது. பி.எல்.டி.சி. என்னும், கரண்டைக் குறைவாக எடுக்கும் வகை மோட்டார் உள்ள ஃபேன் அதே காற்றுக்கு 30 வாட் அளவுதான் எடுக்கும். தினம் 15 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். கூடத்திலும் படுக்கும் அறையிலும் இருக்கும் இரண்டை மட்டும் மாற்றுங்கள்; மூன்றாவது அப்படியே இருக்கட்டும். இன்னொரு லாபமும் உண்டு: கரண்ட் கட்டில் இன்வெர்ட்டர் கூடுதல் நேரம் தாங்கும். சுவரில் பெட்டி போல் பெரிதாக இருக்கும் பழைய ரெகுலேட்டரை வைத்து வேகத்தைக் குறைத்தால் மிச்சம் அதிகமில்லை. குறைத்ததில் ஒரு பகுதியை அது சூடாக்கி வீணடிக்கும். தொட்டுப் பாருங்கள், தெரியும். சம்பா அறுவடைத் தூசி இறக்கையில் படிந்திருந்தால் துடைத்துவிடுங்கள், காற்று கூடும்.

மோட்டாரில் தண்ணீர் மட்டத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு கசிந்து, ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றித்தான் மோட்டாரை எடுக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் வால்வை மாற்றுங்கள். தொட்டி வழிவதற்கு ஒரு அலாரம் வாங்கி வையுங்கள், அதன் விலை அதிகமில்லை. வயல் மோட்டார்கள் ஓடி வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் வீட்டு மோட்டாரைப் போடாதீர்கள். கரண்ட் அதிகமாக இழுத்து, சூடேறி, காயில் கருகும். ரீவைண்டிங் செலவு பில்லைவிட வலிக்கும்.

ஃபிரிட்ஜை மாற்றலாமா என்பதை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு, போகும்போதும் வந்ததும் மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டைத் தாண்டினால் மாற்றுவது லாபம். நல்ல ஸ்டார் உள்ள சின்ன ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் நாளுக்கு அரை யூனிட் அளவில் ஓடும். கடையில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், லேபிளில் அச்சிட்டிருக்கும் வருட யூனிட்டைப் பாருங்கள். ஒன்றரைக்குக் கீழே இருந்தால் வாங்க அவசரமில்லை. கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பரை மாற்றுங்கள். ஃப்ரீசரில் பனி கட்டவிடாதீர்கள். சுவரை ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

டிவியை ரிமோட்டில் நிறுத்தினாலும் செட் டாப் பாக்ஸ் தூங்காது. 10 வாட் இழுக்கும் பெட்டி இரவும் பகலும் இருந்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். சுவரில் உள்ள சுவிட்சையே அணையுங்கள். மாமியாரின் கிரைண்டரைப் போல ஏழு மடங்கு இது!

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு நாலைந்து வயதாகிவிட்டால் சோதித்துப் பாருங்கள். செத்துக்கொண்டிருக்கும் பேட்டரி சார்ஜ் நிற்காமல் கரண்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கட் வந்தால் பத்து நிமிடம் கூடத் தாங்காது.

கடைசியாக ஒன்று. எல்லாச் சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளைப் பிடுங்கி, இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டு மீட்டரில் மினுங்கும் சிவப்பு விளக்கைச் சில நிமிடம் கவனியுங்கள். அது தொடர்ந்து மினுங்கினால் எங்கோ கசிவு இருக்கலாம். ஈரம் ஏறிய பழைய சுவர், பழைய ஒயரிங் உள்ள வீடுகளில் இது நடக்கும். நீங்களே பிரித்துப் பார்க்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கசிவு தெரிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் இந்த வேலை முடிந்துவிட வேண்டும்.