குடியிருப்புத் தெருவில் நள்ளிரவில் லாரி வந்து சரக்கு இறக்குகிறார்கள். சட்டப்படி தடுக்க முடியுமா?

ஹாரனைத் தடுக்கலாம், அதற்குத் தெளிவான சட்டம் இருக்கிறது. லாரி வருவதையே தடுப்பது கஷ்டம். சரக்கு இறக்கும் சத்தத்தைப் பெரும்பாலும் பேசித்தான் குறைக்க வேண்டியிருக்கும். சென்னையில் எங்கள் வீட்டெதிரே நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

விருகம்பாக்கம் பக்கம் முதல் மாடியில் குடியிருக்கிறோம். எதிரே ஒரு சூப்பர் மார்க்கெட். மகள் பிறந்து மூன்று மாதம் ஆன சமயத்தில், வாரத்தில் நாலு நாள் ராத்திரி இரண்டு மணிக்குச் சரக்கு லாரி வரும். பின்கதவின் கொக்கியைக் கழற்றி விட்டால் சங்கிலி இரும்பில் அடித்துக்கொண்டு சரிந்து விழும். அந்தச் சத்தத்துக்குக் குழந்தை இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டு அழ ஆரம்பிக்கும். பிறகு நாலு மணி வரை வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

ஒருநாள் கோபத்தோடு இறங்கிப் போனேன். டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். "பகல்ல ஊருக்குள்ள விட மாட்டாங்க சார். விடியறதுக்குள்ள இன்னும் ரெண்டு கடைக்கு இறக்கிட்டு வெளிய போயாகணும். எங்களுக்கும் தூக்கம் வருது" என்றார். அதற்கு மேல் அவரிடம் கோபப்பட மனம் வரவில்லை.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 115-ஆவது பிரிவு, எந்தச் சாலையில் எந்த வண்டி எந்த நேரத்தில் போகக்கூடாது என்று கட்டுப்படுத்தும் அதிகாரத்தைத் தருகிறது. சென்னைக்குள் பகலில் கனரக வண்டிகளுக்குத் தடை இருப்பது அப்படித்தான். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரத்தில் பெரிய லாரி ஓடக்கூடாது என்பதை நானும் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் கடைக்குச் சரக்கு வந்தாக வேண்டும், பகலில் நிறுத்திய வண்டி ராத்திரியில்தான் வரும். இன்னொரு பக்கம் ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள் 2000, இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன. பகலில் 55. லாரியை ராத்திரிக்குத் தள்ளியது ஒரு விதி, ராத்திரியில் சத்தம் கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டையும் ஒன்றாக உட்கார்ந்து யோசித்தவர்கள் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நடுவில் மாட்டிக்கொள்வது டிரைவரும் நாமும்தான்.

அந்த 45-ஐ நம்பிப் புகார் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விதியைப் படித்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. அது ஒரு நேர அளவுக்கு எடுக்கும் சராசரி. ஜெனரேட்டர் போல விடாமல் ஓடும் சத்தத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தும். பின்கதவு விழுவது ஒரே வினாடி. எட்டு மணி நேரச் சராசரியில் அது காணாமல் போய்விடும். ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது அந்த ஒரு வினாடிதான்.

நெதர்லாந்தில் இதைச் சரியாகப் பிடித்தார்கள். கடைகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்குவதற்கென்றே 1998-இல் விதி கொண்டுவந்து, திடீர்ச் சத்தத்தின் உச்சத்துக்கு வரம்பு வைத்தார்கள்: மாலை 7 முதல் 11 வரை 65 டெசிபல், இரவு 11 முதல் காலை 7 வரை 60. அதற்கு ஏற்ற வண்டிகளையும் தள்ளுவண்டிகளையும் 7.5 மீட்டர் தள்ளி நின்று அளந்து சான்று தருகிறார்கள். அந்தத் திட்டத்துக்குப் பெயரே 'பீக்', டச்சு மொழியில் உச்சம் என்று பொருள். லாரி வரலாம், சத்தம் போடக்கூடாது என்ற ஏற்பாடு. நம் ஊரிலும் இப்படி ஒரு விதி வந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஹாரன் விஷயம் வேறு. அதே ஒலி மாசு விதிகளில் 2010-இல் செய்த திருத்தத்தின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் அவசர நிலை தவிர ஹாரனே அடிக்கக்கூடாது. அதற்குப் புகார் கொடுக்க டெசிபல் கணக்குத் தேவையில்லை, இரவுக் கட்டுப்பாட்டை மீறியதே போதும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவில் தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம். வண்டி எண், தேதி, மணி மூன்றையும் குறித்து, முடிந்தால் வீடியோவோடு காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

இறக்கும் சத்தத்துக்கு நான் செய்தது இது. மூன்று ராத்திரி பால்கனியில் நின்று ஒரு நோட்டில் எழுதினேன். ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் பக்கவாட்டில் தட்டும் தட்டு, கொக்கிச் சங்கிலி, காலி பிளாஸ்டிக் கிரேட்டுகளைத் தரையில் வீசுவது, கடை ஷட்டர், இறக்கி முடியும்வரை அணைக்காத எஞ்சின். வண்டி நின்றது நாற்பது நிமிடம். எங்களை எழுப்பியது மொத்தமே ஏழெட்டுச் சத்தம்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பகலில் கடை மேனேஜரைப் பார்த்தேன். முதலில் "லாரி எங்களோடது இல்ல சார்" என்றார். பக்கத்து வீட்டு அம்மா ஒருவரும் அதையே சொல்ல வந்த பிறகுதான் நோட்டை வாங்கிப் படித்தார். இரண்டு வாரத்தில் சங்கிலியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினார்கள், ஷட்டருக்குக் கிரீஸ் போட்டார்கள், இறக்கும் இடத்தில் கனமான ரப்பர் பாய் விரித்தார்கள். கிளீனர் இப்போது வண்டியைத் தட்டாமல் டார்ச் காட்டுகிறார். அவருக்கு இதை ஒரு தடவைதான் சொன்னோம். பிஸ்கட், சோப்பு மாதிரி லேசான சரக்குகள் காலை ஏழு மணிக்குக் குட்டியானையில் வர ஆரம்பித்தன. சின்ன வண்டி என்பதால் பகலிலும் வர முடிகிறது.

கடைக்காரர் காது கொடுக்கவே இல்லை என்றால், பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும்படி பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆவது பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (சி.ஆர்.பி.சி.) 133 என்று இருந்ததுதான். தெருவில் பத்துப் பேராவது கையெழுத்துப் போட்டால் மனுவுக்கு எடை கூடும்.

எங்களுக்கு இன்னும் தீராதது ஐஸ்கிரீம் வண்டி. உள்ளே குளிர் குறையக்கூடாது என்பதால் அதன் கம்ப்ரசரை அணைக்க முடியாது. நிற்கிற இடத்தில் கரண்ட் கொடுத்தால், அந்த வசதி உள்ள வண்டிகளில் டீசல் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கரண்டிலேயே குளிரூட்டலாம். கடை வாசலில் ஒரு பிளக் பாயின்ட் வைத்துத் தர மேனேஜர் ஒப்புக்கொண்டிருக்கிறார், தேதிதான் சொல்லவில்லை. வரும் திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்கப் போகிறேன்.